ஒத்தையாளும் என் காது மடிப்பும்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது சலவைத் தொழிலில் எழுதாத சட்டம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எனக்கு அந்தக் கதையே கிடையாது. இரட்டைக் கட்டில் விரிப்பாக இருந்தாலும் நான் ஒருத்தனாகவே மடிப்பேன். எண்ணி முப்பது விநாடி. அதில் ஒரு சுருக்கம் காட்டுங்கள், தொழிலை விட்டே போய்விடுகிறேன்.

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது என்னை ஒரு ஹோட்டலின் அடித்தளத்துச் சலவை அறையில் நிறுத்தினார்கள். எனக்கு ஜோடியாக வர வேண்டியவன் வந்து சேரவில்லை. மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. விரிப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது, மேற்பார்வையாளர் கதவில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு முனையை மோவாய்க்குக் கீழே இடுக்கினேன். நடுப்பகுதியை இடுப்பால் மேஜையோடு அழுத்தினேன். இரண்டு கையையும் அகல விரித்து மடித்துக்கொண்டே வந்தேன். கடைசி முனையைச் செருகும்போது ஒரு சின்ன முக்கோணம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, முயல் காது மாதிரி. தப்பாகிவிட்டதே என்று முதலில் பயந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் காதைப் பிடித்து ஒரு வீசு வீசினால் விரிப்பு கட்டில் முழுக்கத் தானாகப் போய் விழுகிறது. அறை சுத்தம் செய்கிற பெண்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார்கள்.

அந்தக் காதைப் பிடித்துத்தான் நான் மேலே வந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் இன்று அறுபது பேருக்கு வேலை கொடுக்கிறேன். சொந்தக் கட்டடம், நான்கு பெரிய எந்திரங்கள், ஒரு பாய்லர். ஊரிலேயே பெரிய ஹோட்டலின் மேல்தள அறைகளுக்கு மட்டும் காது மடிப்பு போகும், மற்றதெல்லாம் சாதாரண மடிப்பு. அந்த வித்தையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டவர்களிடம், "அது கைக்கு வர்றது, வாய்ல சொல்ல முடியாது" என்று அனுப்பிவிடுவேன்.

நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என்னைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் போதாது, அது வேறு விஷயம். இது என்னிடம் ஐந்து வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது. அவளை எங்கள் பாய்லர்காரர் 'ஒத்தையாள்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கல்லூரி முடித்த பெண். அப்பா இல்லை, அம்மா தம்பியோடு வேறு நாட்டில். மெலிந்த கை. இந்தக் கையை வைத்துக்கொண்டு ஈர விரிப்பைத் தூக்குவாளா என்று எனக்குச் சந்தேகம். முதல் நாள் மடிப்பு மேஜைக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாகப் பல வருடம் பழகியவர்கள். ஒருத்தி இருமினால் மற்றவள் கை தானாக நிற்கும். இவளோடு சேர யாரும் தயாராக இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேகம் குறையும் என்ற பயம். இவளும் போய் நின்று, "அக்கா, நான் பிடிக்கட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

எட்டாவது நாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்று நான் மடிப்பதைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. மறுநாள் காலையில் அவள் மேஜையில் பதினான்கு விரிப்பு, பதினான்குக்கும் காது. எனக்கு வயிறு எரிந்தது. நான்கு வருடம் என் கூடவே சுற்றிய மேஸ்திரிகளுக்கு வராதது இவளுக்கு வந்துவிட்டதே.

பாய்லர்காரர் பக்கத்தில் வந்து சொன்னார். "முதலாளி, உங்க சொத்துல பாதிய இந்தப் பொண்ணு எழுதி வாங்கிட்டுப் போயிடுச்சு போங்க."

"யோவ், போய் பிரஷரைப் பாரு."

அதற்கு அடுத்த வருடம் என் வலது தோள் மேலே தூக்க முடியாமல் போனது. மேல்தள விரிப்பு முழுவதும் அவள் கைக்குப் போனது. ஆக, உலகத்திலேயே காது மடிப்பு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் மடிக்க முடியாதவன்.

அவள் குடியிருந்தது செருப்புத் தைக்கும் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு தடவை காய்ச்சல் என்று வராதபோது பார்க்கப் போனேன். நான் அப்படிப்பட்டவன், என் ஆட்களை விட்டுவிட மாட்டேன். ஜன்னல் என்று ஒன்று இருந்தது, திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டி வெப்பக் காற்றை ஊதும், அதனால் திறப்பதில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் துணி. ஆள் வந்தால் உட்கார இடம் இல்லை, ஏனென்றால் ஆள் வருவதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்குள் கைபேசியை நிறுத்தி வைத்திருந்தாள். தண்ணீர் டம்ளருக்குள் போனை வைக்கிறாளே, காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்தேன். அதுதான் அவளுடைய கேமரா என்று எனக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு ஒரே ஒரு தோழி இருந்தாள். இன்னொரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், வயதில் மூத்தவள், 'இஸ்திரி அக்கா' என்று இவள் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இஸ்திரி அக்காவின் கையை எந்திர உருளை இழுத்துச் சுட்டுவிட்டது. கூடத்துக்காரன் வைத்தியம் பார்க்க விடவில்லை. அவள் வேலையை விட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களைப்போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு அனுமதி அட்டை உண்டு. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். வருடா வருடம் அந்த முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். வேலையை விட்டால் வேறு இடத்தில் சேர முடியாது, முப்பது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நானும் பதினோரு வருடம் அப்படி ஒரு அட்டையோடு இருந்தவன்தான். முதலாளி ஆன பிறகு அது மறந்துவிடும். மறக்காது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

முப்பதாம் நாள் இஸ்திரி அக்காவை விமான நிலையத்தில் வழியனுப்ப இவள் ஒருத்திதான் போனாள். கட்டுப் போட்ட கையால் அவளுக்குப் பெட்டியைத் தள்ள முடியவில்லை. இவள் கண்ணாடிக் கதவுவரை தள்ளிக்கொண்டு போனாள். அதற்கு மேல் விடவில்லை.

திரும்பி வந்து அன்றைக்கே முதல் வீடியோவை எடுத்து இணையத்தில் போட்டாள். முகம் இல்லை, குரல் இல்லை. இரண்டு கை ஒரு விரிப்பை மடிக்கும், கீழே எழுத்து வரும்: 'நேற்று நீங்கள் தூங்கிய விரிப்பு இது. இதை மடித்தவர் வேலையை விட்டால் முப்பது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஏன்?' அது மொத்தம் பதினோரு தடவை பார்க்கப்பட்டது. அதில் ஏழு தடவை அவளே திறந்து பார்த்தது.

பகிருங்கள், பகிருங்கள் என்று எல்லாரும்தான் கெஞ்சுகிறார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. மூன்றாவது வீடியோவில், 'பகிர வேண்டாம். உங்கள் விரிப்பை நீங்களே மடியுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று போடுங்கள்' என்று எழுதினாள். கல்லூரிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். விரிப்புக்குள் சிக்கி விழுந்தவன், ஆறு நிமிடம் போராடிவிட்டுச் சுருட்டி எறிந்தவள், பாட்டியை மறுமுனை பிடிக்கவைத்துச் சண்டை போட்டவன் என்று ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. சிரிப்பு முடிந்ததும் அவர்களே கேட்டார்கள், 'சரி, அந்த முப்பது நாள் என்ன கதை?' இரண்டு மாதத்தில் நாற்பதாயிரம் பேர். அந்தச் சட்டத்தைப் பற்றி அரசாங்கம் ஒரு பொது விசாரணை நடத்தப்போகிறது, இருபத்திரண்டாம் தேதி, ஆளுக்கொரு விரிப்போடு வாருங்கள் என்று அழைத்தாள். 'வருகிறேன்' என்று பொத்தானை அழுத்துகிறவன் வர மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக ஒரே கேள்வி அனுப்பினாள்: 'எந்த பஸ்ஸில் வருவீர்கள்?' பஸ் எண் சொன்னவர்களை மட்டும் கணக்கில் வைத்தாள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களை ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் செய்துவைத்தாள். ஆள் திரட்டுவது எனக்குத் தெரியும், சலவைக்கூட முதலாளிகள் சங்கத்தில் இருபது வருடம் இருந்திருக்கிறேன். இந்த யோசனை எனக்கே வந்திருக்காது.

இத்தனையும் மதிய இடைவேளையில், சோப்புப் பீப்பாய் மேல் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு கையில் போன். பக்கத்தில் இருந்த ஐம்பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது. நாற்பதாயிரம் பேருக்கு அவள் பெயர் தெரியாது. அவள் பிறந்த நாள் அன்று அந்த வீடியோப் பக்கத்துக்கு மூவாயிரம் செய்தி வந்ததாம். ஒன்றுகூட வாழ்த்து இல்லை. எப்படி இருக்கும்? இதெல்லாம் அவள் பிற்பாடு என்னிடம் சொன்னது.

என் பேத்தி வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வந்தவள், "தாத்தா, எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் இதான் செய்யறோம், பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கை மடிக்கிறது. கடைசியில் முக்கோணமாக ஒரு காது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கீழே ஓடிய எழுத்தை நான் படிக்கவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அது ஓடிப்போய்விடும். யாருடைய கை என்று மட்டும் உடனே தெரிந்தது. என் மடிப்பு உலகம் முழுக்க ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் அன்றைக்குப் பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்க வேறு யாரும் இல்லை.

அந்த வாரமே சலவைக்கூட உரிமையாளர் சங்கத்தின் கூட்டம். என் சம்பந்தியும் சலவைக்கூடம்தான் நடத்துகிறார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்ததோடு சேர்த்து என் நிம்மதியையும் கொடுத்துவிட்டேன். பெரிய ஹோட்டலின் மேலாளர் அம்மாவும் அன்று வந்திருந்தார். விருந்தாளிகள் வரவேற்பறையில் வந்து, "எங்க விரிப்பை மடிச்சது யாரு?" என்று கேட்கிறார்களாம். அவருக்கு எரிச்சல். பெரிய திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். எந்தக் கூடம் என்று தெரியவில்லையே என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள்.

என் சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். "மடிப்பப் பாத்தா நம்ம இடத்து மடிப்பு மாதிரில்ல இருக்கு. எங்க பசங்கதான் இவ்வளவு சுத்தமா மடிப்பாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"சம்பந்தி, உங்க இடத்துல துண்டை ஒழுங்கா மடிச்சு நான் பாத்ததில்ல. இது காது மடிப்பு. என் மடிப்பு. என் கூடத்தத் தவிர வேற எங்கயும் இந்தக் காது முளைக்காது!"

சொல்லி முடித்து உட்கார்ந்தேன். மேலாளர் அம்மா பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அவருக்கு அதுவரை தெரியாது. மேலாளர்கள் விரிப்பைப் பார்ப்பதில்லை. அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு முதல் நாளே தெரியும், தினமும் அந்தக் காதைப் பிடித்து வீசுகிறவர்கள். அவர்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. திறந்தவன் நான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். "மேல்தள விரிப்பை மடிக்கிறது உங்ககிட்ட யாரு?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். அந்த ஆளோட அட்டை இந்த மாசம் முப்பதாம் தேதி புதுப்பிக்கணுமாமே? நீங்க கையெழுத்துப் போடாதீங்க. போட்டா, எங்க துணியை உங்க சம்பந்தி வந்து எடுத்துக்குவாரு."

எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் போன பிறகு அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் கை உன்னுதா?"

"ஆமா, ஐயா."

"ஹோட்டல் மேலாளர் அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்படி?" அவள் கேட்டது என்னிடம் அல்ல. "வளையலக் கழட்டிட்டேன். நகத்துல சாயம் இல்ல. சுவத்துல வெள்ளைத் துணி கட்டிட்டேன். கூடத்து முத்திரை இல்லாத விரிப்பாப் பாத்து எடுத்தேன். வேற என்ன தெரிஞ்சிருக்கும்?"

"காது" என்றேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அதைக் காதுன்னே நான் நினைக்கல, ஐயா. மடிச்சா அப்படித்தான் வரும்னு பழகிப்போச்சு. ஆனா அது மேலாளருக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

நான் வாழ்க்கையில் எவ்வளவோ பேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியின் கைப்பிடியில் இருந்த பிசிறைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன். "நான்தாம்மா. சம்பந்தி தன்னுதுன்னு சொன்னாரு. பொறுக்கல."

அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவளோ மெதுவாகக் கேட்டாள். "முப்பதாம் தேதி கையெழுத்துப் போடுவீங்களா?"

"அதத்தான் யோசிக்கிறேன். துணி போனா அறுபது பேருக்கு..."

"புரியுது, ஐயா. நீங்க போட்டாலும் நான் இங்கதான் இருக்கணும். போடலைன்னா போகணும். ரெண்டுக்கும் உங்க மனசுதான். நாங்க கேக்கறதே இது ஒருத்தர் மனசுல இருக்கக்கூடாதுன்னுதான். அக்காவ வழியனுப்ப நானாவது போனேன். எனக்கு யாரு வருவா?"

வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மோவாய்க்குக் கீழே முனையை இடுக்கி, தனியாக, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நான் நின்ற நிலை அப்படியே. எனக்கு அன்று மறுமுனை பிடிக்க ஆள் இல்லாமல் போனது, என் ஜோடிக்காரனின் அட்டையில் யாரோ கையெழுத்துப் போடாததால்தான். அதை நான் எவ்வளவு காலமாக நினைத்துப் பார்க்கவே இல்லை!

மறுநாள் மதியம் அவளே வந்தாள். கையில் போனும் அந்தப் பிளாஸ்டிக் டம்ளரும்.

"ஐயா, ஒரு வழி இருக்கு. காது உங்க இடத்துல மட்டும் இருக்கிறவரைக்கும்தான் அது யாருதுன்னு தெரியும். எல்லாரும் மடிச்சா?"

"எல்லாரும்னா?"

"நாற்பதாயிரம் பேர். எப்படின்னு மெதுவாக் காட்டணும். என் கை இனிமே வரக்கூடாது. உங்க கை வேணும்."

"அது என் சொத்தும்மா! பெத்த பொண்ணுக்கே சொல்லிக் கொடுக்கல."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். பாய்லர்காரர் கதவில் எட்டிப் பார்த்தார். "முதலாளி, எழுபத்திரண்டு வயசுல நடிகராகப் போறீங்க. யோசிக்காதீங்க."

கடைசியில் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். கண்டுபிடித்தவர் இன்னார் என்று கீழே போட வேண்டும், நாற்பத்து மூன்று வருட அனுபவம் என்றும் போட வேண்டும். அவள் தலையை ஆட்டினாள்.

"பேர் போடக்கூடாது, ஐயா. போட்டா மறுபடி இங்கதான் வருவாங்க."

வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டாள், கிழவன் கை என்று தெரியக்கூடாதாம். தோள் வலி உயிர் போனது. ஒன்பது தடவை எடுத்தோம். எட்டு தடவை கெட்டதற்குக் காரணம் நான் பேசியது. "ஐயா, கை மட்டும். வாய் வேண்டாம்" என்று கெஞ்சினாள். ஒன்பதாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். என் வாழ்க்கையிலேயே நான் சத்தம் போடாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

ஒரு வாரத்தில் ஊரெல்லாம் காது முளைத்தது. மாணவர் விடுதி, மருத்துவமனை, என் சம்பந்தியின் கூடம்கூட. என் கூடத்தில் ஜோடியாக மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எதிரே நின்றவளை விட்டுவிட்டு மோவாயில் இடுக்கிப் பார்த்தார்கள். பேத்தி அழைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாத்தா, மடிச்சு முடிச்சிட்டு விரிப்ப ரெண்டு தட்டுத் தட்டினீங்களே, என்னையத் தூங்க வைக்கும்போது தட்டுற மாதிரி. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி சங்கம் மறுபடி கூடியது. மேலாளர் அம்மா என்னையே பார்த்துக் கேட்டார். "அந்தப் பொண்ண என்ன பண்ணீங்க?"

"எந்தப் பொண்ணம்மா? அறுபது பேரும் காது மடிக்கிறாங்க. யாரன்னு அனுப்ப? அறுபது பேரையும் அனுப்பிட்டு நீங்க வந்து மடிக்கிறீங்களா?"

"உங்க மடிப்பு, வேற எங்கயும் கிடையாதுன்னு நீங்கதானே இங்க நின்னு சொன்னீங்க?"

இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. என் சம்பந்தி இரண்டு நாற்காலி தள்ளி, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெருமைக்குச் சொன்னேம்மா" என்றேன். "அது என் மடிப்பே இல்ல. எங்கயோ பாத்துக் கத்துக்கிட்டது. என் வாய் எப்படின்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

சிரித்தார்கள். என் சம்பந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாற்பது வருசமா விட்ட புளுகு ஒரு நாள்ல அவுந்து போச்சா, சம்பந்தி!" இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதைச் சொல்லித்தான் எனக்கு வரவேற்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அந்த அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை, ஆனால் ஊரெல்லாம் காதாக இருக்கும்போது வீடியோவில் இருந்தது இவள் கைதான் என்று நிரூபிக்க அவரால் முடியவில்லை. துணி என்னிடமே இருந்தது. மறுநாள் காலை, தேதி வரக் காத்திராமல், அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி விசாரணைக்கு அவள் போகவில்லை. போனால் வேலைக்கு வராதது தெரியும், முகம் தெரியும். மதிய இடைவேளையில் சோப்புப் பீப்பாய் மேல் போனை நிறுத்தினாள். பாய்லர்காரரும் நானும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தோம். விசாரணை நடக்கும் கட்டடத்தின் முன்னால் ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நிற்கிறது, பிள்ளைகள் விரிப்போடு இறங்குகிறார்கள். அவள் உதட்டுக்குள் பஸ் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வர வேண்டியதில் முக்கால்வாசி வந்துவிட்டது. நடைபாதை முழுக்க நின்று மோவாயில் இடுக்கி மடிக்கிறார்கள். ஒரு பயலுக்கும் ஒழுங்காக வரவில்லை, காது என்ற பெயரில் முழ நீளத்துக்கு வால் தொங்குகிறது. அந்தக் கூட்டத்தில் என் பேத்தியும் இருந்தாள்.

"இந்த எட்டாம் நம்பர் பஸ்ல பதினேழு பேர்" என்றாள் ஒத்தையாள். "எல்லார் பேரும் எனக்குத் தெரியும். அந்தச் சிவப்புச் சட்டைக்குப் பரீட்சை. வர மாட்டேன்னான். வந்துட்டான், பாருங்க."

அவர்கள் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். இவளும் சோப்பு அறையிலிருந்து கையை ஆட்டினாள். பிறகு அது அவர்களுக்குத் தெரியாது என்பது நினைவு வந்தவள்போல் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். மணி அடித்தது. வேலைக்குப் போனோம்.

சட்டம் முழுசாக மாறவில்லை. எட்டு மாதம் கழித்துப் பாதி மாறியது. நான்கு வருடம் முடித்தவர்கள் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்குப் போகலாம், அட்டையில் அவரவர் பெயர் மட்டும் இருக்கும். அந்த அறிவிப்பு வந்த மூன்றாவது வாரம் அவள் ஒரு காகிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் துணி அறையில் வேலை, நல்ல குடியிருப்பு.

"எதுக்கும்மா? இங்க என்ன குறை? நான் உனக்கு..." என்று ஆரம்பித்தேன். உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கணக்குச் சொல்கிறவன் மாதிரி எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல, ஐயா. போகலாம்னு ஆனப்புறம் ஒரு தடவையாவது போய்ப் பாக்கணும்."

வீடியோப் பக்கத்தைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டாள். பஸ் நிலையத்துக்கு நான் போனேன். பாய்லர்காரருக்கு பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. பெட்டியை நான் தள்ளினேன், ஒரு கையால். என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை. அத்தனை பஸ்ஸில் அத்தனை பேரை ஏற்றி அனுப்பியவள், ஜன்னலோரமாகத் தனியாக உட்கார்ந்து போனாள்.

மாதத்துக்கு ஒரு தடவை அழைப்பாள். புதிய அறையில் ஜன்னல் திறக்கிறதாம், வெளியே ஒரு மரம் தெரிகிறதாம். இஸ்திரி அக்காவின் கை ஆறிவிட்டதாம், ஆனால் மூன்று விரல் மடங்கவில்லையாம். போன மாதம் பேசியபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் மடிக்கணும், ஐயா. விரிப்பெல்லாம் பெருசு. எனக்கு வரவே மாட்டேங்குது. எதிர்ல இருக்கிற அக்கா இழுக்கறதுக்குள்ள நான் மோவாயில இடுக்கிடறேன். 'முனைய விடும்மா, நான்தான் பிடிச்சிருக்கேன்ல'ன்னு திட்டறாங்க."

"வேகமாப் போகாத. அவங்க கையப் பாரு" என்றேன். எனக்கு என்ன தெரியும்? நான் ஒரு நாளும் அப்படி மடித்ததில்லை.

"பாக்கறேன், ஐயா. நேத்து மூணு விரிப்பு ஒழுங்கா வந்துச்சு."

அவ்வளவுதான். இப்போது அவள் அட்டையில் வேறு யார் பெயரும் இல்லை, யார் எதைத் தெரிந்துகொண்டாலும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் துணிந்து இதை எழுதுகிறேன். சம்பந்தியும் படிக்கட்டும். அந்தக் காது மடிப்பு என்னுடையது.